கலம் வாழ வேண்டுமா? பலகை வாழ வேண்டுமா?

பழைமையானது என்னும் ஒரே காரணத்தால் ஒரு பொருளைப் போற்றுதல் தகுமா? பழைமையானது என்னும் ஒரே காரணத்தால் ஒரு பொருளைத் தள்ளுதல் தகுமா? இவ்விரு வினாக்களுக்கும் ‘தகாது’ என்றே அறிவுடையோர் விடையளிப்பர். ஆயினும், வாயளவில் இவ்விடையைக் கூறுவோர் செயலில் இறங்குங்கால், ஒரு சாரார் முதற் பிழையிலும் மற்றொரு சாரார் இரண்டாம் பிழையிலும் வீழ்வதை நாள்தோறும் காண்கிறோம். இதன் காரணம் யாது? எதைக் காக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று பிரித்தறியும் அளவுகோல் நம்மவரிடையே இல்லாமையே. அவ்வளவுகோலைப் பெரிய சாத்திரங்களில் தேடுவதைவிட, பழைய மரக்கலம் ஒன்றின் மேல்தளத்தைச் செப்பனிடும் தச்சனுடைய வேலையில் தேடினால் எளிதிற் கிட்டும் என்பது எம் கருத்து.

மரக்கலத்தின் மேல்தளம் மனிதர் நடப்பதற்கு மட்டும் இடப்பட்டதன்று. அது கலத்தின் கூரையுமாகும். நீளவாட்டில் பலகைகளை அடுக்கி, கீழேயுள்ள குறுக்கு விட்டங்களோடு ஆணியால் இறுக்கி, ஆணித்தலைகளைச் சிறு மரத்தக்கைகளால் மூடுவர். பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள சந்துகளில் பஞ்சையோ சணல் நாரையோ உளியால் அடித்துச் செலுத்தி, அதன்மேல் உருக்கிய கீலை ஊற்றுவர். இதற்குக் கலப்பற்று என்று பெயர். இவ்வாறு அமைந்த தளம் பல்லாண்டுகள் நிற்கும். ஆனால் நடப்போர் காலால் அது தேய்கிறது. முற்காலப் போர்க்கப்பல்களில் மாலுமிகள் மண்டியிட்டு, மணலும் கல்லும் கொண்டு தளத்தைத் தேய்த்து வெண்மையாக்குவது வழக்கம். அவ்வாறு தூய்மை செய்த கையே பலகையை மெலியவும் செய்தது. பலகை மெலிந்தால் தக்கை கழலும். தக்கை கழன்ற துளையின் வழியே நீர் இறங்கும். அங்ஙனம் இறங்கும் நீரில் கடல்நீரைவிட மழைநீரே மரத்திற்குப் பெரும்பகை. உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கும். தேங்கி நின்ற நன்னீரோ பூஞ்சணத்தை வளர்த்து, மரத்தின் உட்பகுதியை மாவாக்கிவிடும். ஆகவே, வெளியே மோதும் அலையினும் உள்ளே தேங்கும் நீரே கலத்தை அழிப்பது என்று அறிக.

இந்நிலையில் இரண்டு வகையான வேலைக்காரரைக் காணலாம். முதலாமவன் உளுத்த பலகையின்மேல் வண்ணம் பூசுகிறான். தளம் புதியதுபோல் மின்னுகிறது, உடையவனும் மகிழ்கிறான். ஆனால் உள்ளே நின்ற ஈரம் வெளியேற வழியின்றி அடைபட்டு, பலகையோடு அதனைத் தாங்கும் விட்டத்தையும் தின்னத் தொடங்குகிறது. இரண்டாமவன் கூரிய கருவியால் பலகையைக் குத்திப் பார்க்கிறான். தட்டி ஓசை கேட்கிறான். எங்கே கருவி தடையின்றி இறங்குகிறதோ, அங்கிருந்து நல்ல மரம் எதிர்ப்படும் வரையில் அறுத்து நீக்குகிறான். நீக்கிய இடத்தில் கீழுள்ள விட்டத்தையும் சோதிக்கிறான். பின்னர் நன்கு உலர்ந்த புதுப்பலகையை அளந்து வெட்டி, அதன் மூட்டு விட்டத்தின்மேல் அமையுமாறும், அடுத்த பலகையின் மூட்டோடு ஒரே வரிசையில் நில்லாதவாறும் பொருத்துகிறான். எல்லாப் பலகைகளையும் ஒரே நாளில் அவன் பெயர்ப்பதில்லை. பெயர்த்தால் கலம் தன் வடிவம் தளர்ந்து நெளியும் என்பதை அவன் அறிவான்.

இவ்விருவருள் முன்னோர் கட்டிய கலத்திற்கு உண்மையான அன்பு செய்தவன் யார்? முதலாமவன் முன்னோர் இட்ட பலகை ஒன்றையும் எடுக்கவில்லை, இரண்டாமவன் எடுத்துவிட்டான். அதனால் முதலாமவனே பழைமையைக் காத்தவன் என்று சொல்லத் துணிவோமா?

இவ்வினா புதியதன்று. பண்டைக் கிரேக்க நாட்டில் ஆதென்சு நகரத்தார், தீசியஸ் என்னும் தம் வீரன் சென்று மீண்டதாகக் கூறப்படும் முப்பது துடுப்புக் கலத்தைப் பல தலைமுறைகள் காத்து வந்தனர் என்றும், உளுத்த பலகைகளை நீக்கி உறுதியான புதுப்பலகைகளை இட்டு வந்தனர் என்றும் புளூட்டார்க் என்னும் ஆசிரியர் எழுதி வைத்தார். அக்கலம் அதே கலம்தான் என்று ஒரு சாராரும், அன்று என்று மற்றொரு சாராரும் வாதிட்டனராம். பின்னர் 1655-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் தாமஸ் ஹாப்ஸ் இவ்வாதத்திற்கு மேலும் ஒரு முடிச்சிட்டார். நீக்கிய பழம்பலகைகளையெல்லாம் ஒருவன் ஒன்று விடாமற் சேர்த்து வைத்து, அதே வரிசையில் மற்றொரு கலமாகக் கட்டினால், இரண்டில் எது பழைய கலம் என்பது அவர் எழுப்பிய வினா.

தத்துவ அறிஞர்கள் இதன்மேல் பல ஏடுகள் எழுதியுள்ளனர். எனினும் ஒரு சாதாரண மனிதன் கேட்கக்கூடிய எளிய கேள்வி ஒன்று உண்டு. அப்பழம்பலகைகள் ஏன் நீக்கப்பட்டன? உளுத்தமையால் அல்லவா? அவற்றைக் கொண்டு கட்டிய கலம் துறையை விட்டுக் கிளம்பினால் கரை சேருமா? உங்கள் குழந்தையை எந்தக் கலத்தில் ஏற்றி அனுப்புவீர்கள்? இங்ஙனம் கேட்டவுடன் முடிச்சு பாதி அவிழ்ந்துவிடுகிறது. நினைவாகப் போற்றுவதற்குப் பழம்பலகை போதும். கடலைக் கடப்பதற்கு நல்ல பலகை வேண்டும். பழம்பலகையைக் கண்ணாடிப் பேழையில் வைத்து வணங்குவதில் குற்றமில்லை. அதைத் தளத்தில் வைத்து, அதன்மேல் மனிதரை நடக்கச் செய்வதே குற்றம்.

சரித்திரத்தில் அருகருகே நின்ற இரண்டு கப்பல்களின் கதை இதனை விளக்கும். ஒன்று, பிரெஞ்சுக்காரர் கட்டி 1800-இல் வெள்ளோட்டம் விட்ட ‘தூகே-திரூவான்’. அது 1805-இல் திரபால்கர் போரில் கலந்து, சில நாட்களுக்குப் பின் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, ‘இம்ப்ளேக்கபிள்’ என்று பெயர் மாற்றப்பட்டது. மற்றொன்று, 1817-இல் பம்பாயில் பார்சி வாடியா குடும்பத்துக் கப்பற்கட்டுநர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜியின் மேற்பார்வையில், மலபார்த் தேக்கினால் கட்டப்பட்ட ‘திருகோணமலை’. ஈழத்துத் துறைமுகத்தின் பெயர் தாங்கிய அக்கப்பல் 1897-இல் ஒரு தனவந்தரால் வாங்கப்பட்டு, ‘பூத்ராயன்’ என்னும் வேறொரு கப்பலின் பெயரைப் பெற்றது. இவ்விரண்டும் இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி தரும் கப்பல்களாக இங்கிலாந்தின் துறையில் ஒருங்கே நின்றன.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், இம்ப்ளேக்கபிள் கப்பலைச் செப்பனிடும் செலவை ஏற்பார் ஒருவருமில்லை. 1949 டிசம்பர் 2-ஆம் நாள், ஆங்கிலக் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் ஒருங்கே பறக்க, மரியாதைகள் யாவும் செய்து, அதனைக் கடலில் வெடிவைத்து மூழ்கடித்தனர். முகப்புப் பதுமையும் பின்புற அலங்காரமும் மட்டும் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. அதன் தோழனாகிய தேக்குக் கப்பலோ 1987-இல் ஹார்ட்டில்பூல் நகரத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. 1990-இல் தொடங்கி 2001 வரை தச்சர் கைகளால் செப்பனிடப்பட்டது. 1992-இல் தன் பழம்பெயரையும் திரும்பப் பெற்றது. தேக்கு நீடித்து நிற்கும் மரமாதலால் அதன் பழைய மரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலைத்துள்ளது. உளுத்தது மட்டும் மாற்றப்பட்டது. ஒன்றுக்கு மரியாதை கிடைத்தது, செப்பம் கிடைக்கவில்லை. மற்றொன்றுக்குச் செப்பம் கிடைத்தது. அதனால் அது மிதக்கிறது. செப்பமில்லாத மரியாதைக்கு ஈமச்சடங்கு என்பதே சரியான பெயர்.

அமெரிக்கர் 1797-இல் வெள்ளோட்டம் விட்ட ‘கான்ஸ்டிட்யூஷன்’ என்னும் கப்பலையும் நோக்குக. அதன் மேல்தளப் பலகைகள் 2007-க்கும் 2010-க்கும் இடையே நடந்த செப்பத்தில் புதுப்பிக்கப்பட்டன. தலைமுறைதோறும் மாற்றி மாற்றி, இன்று அதன் ஆதி மரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே எஞ்சியுள்ளது என்பர். ஆயினும் 1997-லும் 2012-லும் அது தன் பாயை விரித்துத் தானே கடலில் ஓடியது. மரம் போயிற்று, கப்பல் போகவில்லை.

அப்படியாயின், ஒரு கலத்தை அதே கலமாக்குவது எது? மரமன்று என்பதைக் கண்டோம். பெயருமன்று, தேக்குக் கப்பல் ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் வேறு பெயரில் வாழ்ந்தும் வேறு கப்பலாகிவிடவில்லை. நம் மலாய் நாட்டுக் கிழக்குக் கரையில், திரெங்கானுவின் பூலாவ் டூயோங் தச்சர்கள் செங்கால் என்னும் வன்மரத்தால் படகு கட்டிய முறையை அறிந்தோர் வேறொரு விடை கூறுவர். காகிதத்தில் வரைந்த படம் அவர்களுக்கு இல்லை. பலகையைப் பலகையோடு மர முளைகளால் இணைத்து, இடையே கெலாம் மரப்பட்டையை வைத்து நெருக்கி, கண்ணளவாலும் கையளவாலும் கலத்தை உருவாக்கினர். அந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கும், ஆசானிடமிருந்து மாணவனுக்கும் சென்றது. ஆகவே கலத்தின் உயிர் இரண்டு பொருள்களில் உள்ளது: ஏறியவரைக் கரை சேர்க்கும் அதன் பணி ஒன்று, தலைமுறை தலைமுறையாக அதனைப் பேணும் கையின் தொடர்ச்சி மற்றொன்று. இவ்விரண்டும் அறாதிருக்கும் வரையில் எத்தனை பலகை மாறினும் அது முன்னோர் கலமே. இவ்விரண்டும் அற்றுவிடின், ஒரு பலகையும் மாறாதிருப்பினும் அது வெறும் விறகே.

இங்கே பழைமை விரும்பும் நண்பர்கள் மூன்று தடைகளை எழுப்புவர். அவற்றை அலட்சியம் செய்தல் அறமன்று.

முதல் தடை: “ஒரு பலகையை எடுக்க இடங்கொடுத்தால் எல்லாப் பலகையும் போகுமே!” போகலாம், ஆனால் ஒவ்வொன்றும் உளுத்த பின்னரே போகும். நல்ல பலகையை எவனும் எடுக்க வேண்டுமென்று யாம் கூறவில்லை. உளுத்தது என்று காட்டும் பொறுப்பு எடுப்பவனைச் சார்ந்தது. காட்டிய பின்னும் எடுக்க மறுப்பவன், வரும் விபத்திற்குப் பொறுப்பாவான்.

இரண்டாம் தடை: “புதுமரம் பழமரத்திற்கு ஈடாகுமா?” இத்தடையில் உண்மையுண்டு. உலராத பச்சை மரத்தைத் தளத்தில் இட்டால் அது சில மாதங்களில் சுருங்கிச் சந்து விடும். பழம்பலகை ஒழுகியதைவிட மிகுதியாக ஒழுகும். சீர்திருத்தம் பேசுவோர் இதனை மனத்தில் இருத்த வேண்டும். பிறர் செய்கிறார் என்பதற்காகவோ, பட்டணத்து நாகரிகம் என்பதற்காகவோ எடுத்துக்கொள்ளும் புதுவழக்கம் உலராத பலகையே. பழைய ஆடம்பரத்தை ஒழித்து அவ்விடத்தில் புதிய ஆடம்பரத்தை வைப்பவன், ஓட்டையை அடைத்தவனல்லன், இடம் மாற்றியவன்.

மூன்றாம் தடை: “கடலில் ஓடிக்கொண்டிருக்கும் கலத்தில் எவ்வாறு பலகை மாற்றுவது?” ஆஸ்திரிய நாட்டு அறிஞர் ஓட்டோ நியூராத் (1882–1945) மனிதரின் அறிவையே இத்தகைய கலத்திற்கு ஒப்பிட்டார். கரையில் ஏற்றிப் பிரித்துக் கட்டும் வாய்ப்பு நமக்கில்லை. நடுக்கடலில் மிதந்துகொண்டே திருத்த வேண்டிய மாலுமிகள் நாம் என்பது அவர் கருத்து. ஒரு பலகையைத் திருத்துவோன் மற்றொரு பலகையின்மேல் நின்றே திருத்த வேண்டும். ஆதலால் மாற்றம் இயலாதது என்பதன்று பொருள். முறையாக நடைபெற வேண்டும் என்பதே பொருள்.

இது கைகூடும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. இவ்வரிகளை அச்சிட்டிருக்கும் எழுத்தே சான்று. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய எழுத்துகள் முன்னர் வேறு உருவில் வழங்கின. அச்சுக்கும் கற்போர்க்கும் அவை தொல்லையாயின என்று கண்ட பெரியார், 1935 முதல் தம் ‘குடி அரசு’ இதழில் எளிய உருவங்களைக் கையாண்டார். தமிழ்நாட்டு அரசு 1978-இல் அவற்றை ஏற்றது. பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவையே வழக்காயின. தமிழ் கெட்டதா? பழைய நூல்கள் வாசிக்க இயலாமற் போயினவா? இல்லை. சில பலகைகள் மாறின, மற்றவை நின்றன, கலம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அன்று எதிர்த்தோரின் பேரர்களும் அவ்வெழுத்துகளிலேயே தம் தாத்தாவின் பெருமையை எழுதுகின்றனர்.

இனி, யாவற்றினும் முக்கியமான வினாவுக்கு வருவோம். பலகை உளுத்ததா இல்லையா என்று தீர்ப்புக் கூறத் தக்கவர் யார்?

கப்பலின் மேல்மாடியில் அறை பெற்றவனுக்குத் தளப்பலகையின் நிலை தெரியாது. அதன்மேல் நடப்பவனுக்கும் படுப்பவனுக்குமே தெரியும். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இதனை நன்கறிந்தவர்கள். 1926-இல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் அறை பெற்றோர் மிகச் சிலர். ஆயிரக்கணக்கானோர் தளப் பிரயாணிகள். பாயும் மூட்டையும் விரித்த இடமே அவர்களுக்கு வீடு. மழை ஒழுகினால் முதலில் நனைந்தவர்கள் அவர்களே.

சமூகமாகிய கலத்திலும் இவ்வாறே. கைம்பெண்ணின் பூவையும் பொட்டையும் பறித்து, நற்செயல்களுக்கு ஆகாதவள் என ஒதுக்கும் வழக்கம் நல்ல பலகையா, உளுத்த பலகையா என்று ஆடவர் கூடிய சபையில் விவாதம் நிகழ்கிறது. அப்பலகையின்மேல் நிற்பவள் அவளன்றோ? அவளை யாரேனும் கேட்டதுண்டா? மகள் திருமணத்திற்காகவும் தந்தையின் கருமாதிக்காகவும் கடன்பட்டு, ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டும் தோட்டத் தொழிலாளியைக் கேட்காமல், ‘இஃது ஊர் வழக்கம்’ என்று தீர்ப்பளிப்பவர் பெரும்பாலும் அக்கடனைக் கொடுக்கும் நிலையிலுள்ளவரே. கரையில் நிற்பவனுக்குக் கலத்தின் தளம் அழகாகவே தோன்றும். ஆகவே யாம் கூறும் அளவுகோல் இதுவே: ஒரு வழக்கத்தின் சுமையைத் தாங்குபவர் யாரோ, அவர் காலடியில் அது இறங்குகிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். இறங்கினால் அதன் வயது ஆயிரம் ஆண்டாயினும் அது மாற்றத் தக்கது. இறங்காமல் தாங்கினால், அது பழையது என்பதற்காக அதனைப் பெயர்க்க எவருக்கும் உரிமையில்லை.

எடுக்கும் இடத்தில் என்ன வைப்பது என்பதும் தச்சனிடம் கற்க வேண்டிய பாடம். திருமணச் சடங்குகளில் பொருளறியாதவற்றை நீக்கியோர் வெற்றிடத்தை விட்டுச் செல்லவில்லை. அச்சடங்குகள் செய்த பணி யாது? இருவர் தம் வாழ்வை இணைப்பதைப் பலர் அறியச் செய்தல். அப்பணியை உறுதிமொழியும் மாலை மாற்றுதலும் சான்றோர் முன்னிலையும் ஏற்றன. 1967-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்டத்தின் வலிமையை வழங்கியதால் புதுப்பலகை விட்டத்தோடு ஆணியிட்டு இறுக்கப்பட்டது. விட்டத்தில் பொருந்தாத பலகை எத்துணை நல்ல மரமாயினும் நிலையாது.

சாதியைப் பற்றி என்ன சொல்வது என்று கேட்கலாம். அது பலகையே அன்று. மாற்றுப்பலகை தேட வேண்டிய தொல்லையும் இல்லை. கலத்தின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு அதன் ஓட்டத்தைத் தடுக்கும் சிப்பிக் கூட்டம் போன்றது அது. எச்சுமையையும் அது தாங்கவில்லை, சுமையாகவே இருக்கிறது. அதனைச் சுரண்டி எறிந்தால் கலத்தில் ஓர் ஓட்டையும் விழாது.

முன்னோர் கலத்தைக் கட்டியது, நாம் அதனைக் கரையில் நிறுத்திக் கும்பிடுவதற்கன்று. நாமும் நம் மக்களும் ஏறிச் செல்வதற்கே. அவர்களும் தம் காலத்தில் பலகை மாற்றியவர்களே. கடல் கடந்து, காடு வெட்டி, புதிய மண்ணில் புதிய வாழ்வு அமைத்தோர் மாற்றத்திற்கு அஞ்சியவர்களாக இருந்திருக்க முடியுமா? அவர்கள் நமக்கு விட்டுச் சென்றவற்றில் பலகையும் உண்டு, உளியும் உண்டு. பலகையை மட்டும் வாங்கிக்கொண்டு உளியை வேண்டாமென்பவன் பாதிச் சொத்தையே பெற்றவன்.

ஆகவே, நண்பர்களே! ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு சங்கத்திலும், ஒவ்வொரு கோயிற் சபையிலும் தளத்தைக் குத்திப் பாருங்கள். நடப்பவர்களைக் கேளுங்கள். உறுதியானதைப் பெயர்க்காதீர்கள்; உளுத்ததற்கு வண்ணம் பூசாதீர்கள். நன்கு உலர்ந்த பலகையைத் தேடி, அளந்து வெட்டி, அடியிலுள்ள விட்டத்தோடு பொருத்துங்கள். நாம் இடும் பலகையும் ஒரு நாள் உளுக்கும். அன்று நம் பேரர் அதனை நம் பெயரைச் சொல்லித் தயங்காமல் நீக்குவாராயின், நாம் அவர்களுக்கு நல்ல முன்னோராக இருந்தோம் என்பதற்கு அதுவே சான்றாகும்.